முக்காட்டுக்கு மேல் போட்டுப் பார்த்த ஹெட்போன்

என் தங்கையின் மருமகன் அலுமினியம் அறுக்கும் மெசினை முதன்முதலாக இயக்கிய காலையில் நான் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வாசலில் நின்றிருந்தேன். பல்லின் வேருக்குள் கம்பியை விட்டுக் குடைவது போல் இருந்தது. ஒருநாள் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அது ஒருநாள் வேலை இல்லை. அவர் கதவும் ஜன்னலும் செய்து கொடுக்கும் தொழிலை எங்கள் சுவரோரமாகவே தொடங்கியிருந்தார்.

கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஆட்களிடம் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. உம்மாவின் வளவு எனக்கும் தங்கைக்கும் நடுவால் பிரிக்கப்பட்டது. பிறகு அவள் பாதியில் அவளுடைய மகளுக்கு ஒரு வீடு எழும்பியது, என் பாதியில் என் மகளுக்கு ஒன்று. நிலம் அப்படியே இருந்தது, சுவர்கள் மட்டும் கூடிக்கொண்டு போயின. இப்போது இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு ஆள் சரிந்து நடக்குமளவு இடமும் நெஞ்சுயர மதிலும்தான் இருக்கின்றன. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த மருமகன் மரியாதைக்குரியவர். அவருக்கு முன்னால் தங்கை குரலை உயர்த்தமாட்டாள். நானும் அவரோடு நேரே கதைக்க முடியாது. என்ன குறை இருந்தாலும் தங்கையிடம் சொல்லி, தங்கை மகளிடம் சொல்லி, மகள் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். சொன்னதெல்லாம் அந்தப் பாதையில் எங்கோ செத்துப்போனது. மாநகர சபைக்கு எழுதலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கூடப் பிறந்தவளுக்கு எதிராகக் கையெழுத்து வைத்துவிட்டு ஊரில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போய் உட்காருவது?

எனக்கு அந்தச் சத்தம் தலைவலி மட்டும்தான். மகளுக்கு அது தொழிலைத் தின்னும் சத்தம்.

அவள் அரபுக் கல்லூரியில் ஓதி ஆலிமாப் பட்டம் எடுத்தவள். ஒன்லைனில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கிறாள். பிள்ளைகள் எல்லாரும் மெல்பர்னில் இருக்கிறார்கள். எங்கள் பகுதியிலிருந்து அங்கே குடியேறிய ஒரு தாய்தான் தனக்குத் தெரிந்த குடும்பங்களைச் சேர்த்துத் தந்தார். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் இங்கே முற்பகல். மருமகன் மெசினைப் போடும் நேரமும் அதுதான். வாப்பா இல்லாத பிள்ளை. வந்த ஒரு நல்ல சம்பந்தமும் குழம்பிப்போன பிறகு, அவள் தலை நிமிர்ந்து உட்காரும் ஒரே இடம் அந்த வகுப்புத்தான். அது போய்விட்டால் என்ன செய்வாள் என்ற பயத்தில் நான் சரியாகச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

மெல்பர்ன் தாயிடமிருந்து முறைப்பாடு வரத் தொடங்கியது. “ஆலிமா, என்ன அது, ஆரயாச்சும் அறுக்கிறாங்களா?” என்று முதலில் சிரித்துத்தான் கேட்டார். அடுத்த முறை சிரிக்கவில்லை. வேறு ஓர் ஆலிமாவைப் பார்க்கலாம் என்று சில பெற்றோர் கதைக்கிறார்கள் என்றார்.

அப்போதுதான் ஹெட்போன் தேடப் புறப்பட்டோம்.

காதுக்குள் செருகும் சிறிய ரப்பர் மொட்டுகளை முதலில் வாங்கினோம். சத்தத்தை அவை நன்றாகவே அடைத்தன. ஆனால் ஓதிக் கொடுப்பவள் தானும் ஓத வேண்டுமே. காது அடைபட்டதும் அவளுடைய குரல் அவளுடைய மண்டைக்குள்ளேயே முழங்கியது. “குடத்துக்குள்ள தலைய விட்டு ஓதற மாதிரி இரிக்கி உம்மா” என்றாள். இரண்டாவது ஒன்றை உறவுக்காரப் பிள்ளையிடம் இரவல் வாங்கினோம். காதைச் சுற்றி வலை போட்டிருந்த, காற்றோட்டமான ஹெட்போன். அதில் குரல் அப்படியொரு துல்லியம். பிள்ளை மூச்சை எங்கே எடுக்கிறது என்பதுகூடக் கேட்டது. மருமகனின் மெசினும் அதே துல்லியத்தோடு கேட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில்கூட எந்த விடயத்தையும் இப்படி உட்கார்ந்து படித்ததில்லை. வெளிச்சத்தத்தை எதிர்ச்சத்தம் போட்டு அழிக்கும் ஹெட்போன்கள் உண்டு என்று அறிந்தேன். மின்விசிறி, ஜெனரேட்டர் போன்ற ஒரே சீரான இரைச்சலை அவை நன்றாக விழுங்கும், திடீரெனக் கிளம்பும் கூர்மையான சத்தத்தில் தோற்றுப்போகும், அதற்குக் காதை இறுக்கமாக மூடும் தடித்த மெத்தைதான் வேண்டும். இன்னொன்றும் படித்தேன். சத்தத்தை அடைப்பதில் கெட்டிக்காரனாக இருக்கும் மலிவான சாமான், உள்ளே வரும் குரலையும் மந்தமாக்கிவிடும். பாட்டுக் கேட்கிறவனுக்கு அது குறையாகத் தெரியாது. ஓதலில் ஓர் எழுத்து தொண்டையிலிருந்து வருகிறதா, நாக்கின் நுனியிலிருந்து வருகிறதா என்று பார்த்துத் திருத்துகிறவளுக்கு அது உதவாது. இரண்டும் வேண்டும், இரண்டும் ஒன்றில் வேண்டும்.

கல்முனை பஸாரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எங்களைப் பார்த்த உடனேயே அலுப்பு.

“டீச்சர், ஓதிக் குடுக்கத்தானே? அதுக்கு இந்தா கிடக்கிற சின்னது காணும். பெரிசெல்லாம் பாட்டுக் கேக்கிற பொடியனுகளுக்கு.”

“நாங்க கேட்டதக் காட்டுங்க தம்பி” என்றேன்.

ஒன்றை எடுத்து வைத்து, தன் போனில் தாளம் அதிரும் எதையோ போட்டு மகளிடம் நீட்டினார். “பாருங்க, நெஞ்சு இடிக்கும்.”

“நெஞ்சு இடிக்கத் தேவல்ல” என்றாள் மகள். தன் போனை எடுத்து, ஒரு பிள்ளை ஓதிய பதிவைப் போட்டாள். கடைக்காரர் வாயைக் கோணலாக்கிக்கொண்டு கல்லாப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முக்காட்டுக்கு மேலேதான் போட்டுப் பார்த்தாள். கடையில் ஆண்கள் நிற்கும்போது முக்காட்டை விலக்கி யார் ஹெட்போன் மாட்டுவார்? எதை மாட்டினாலும் பஸார் இரைச்சல் உள்ளே வந்தது. பஸ்காரனின் ஹோர்ன், பக்கத்துக் கடையின் ஸ்பீக்கர், எல்லாம். “இதுவும் காணாது, இதவிட இறுக்கமா இரிக்கா?” என்று கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில் கடையில் இருந்ததிலேயே தடித்த மெத்தையும் எதிர்ச்சத்தமும் உள்ள ஒன்றில் வந்து நின்றாள். குரல் தெளிவு. வெளிச்சத்தம் ஓரளவுக்குத்தான் குறைந்தது, ஆனால் மற்றவற்றைவிட மேல்.

“இதுட மைக்கும் விசேசம் டீச்சர்” என்றார் கடைக்காரர், விற்பனை நடக்கப்போகிறது என்று கண்டதும் குழைந்து. “மிசின் சத்தத்த எடுத்துப் போட்டுரும். மனிசன்ட குரல மட்டும் அனுப்பும்.”

வீட்டுக்கு வந்து, மகள் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டி அதற்கு மேல் முக்காட்டை இழுத்துவிட்டாள். அப்போதுதான் விளங்கியது. கடையில் அந்த மெத்தைக்கும் காதுக்கும் நடுவே துணி இருந்திருக்கிறது. துணியின் மடிப்பு வழியேதான் பஸார் உள்ளே வந்திருக்கிறது. துணி இல்லாமல் மெத்தை தோலோடு ஒட்டியதும் உலகமே நின்றுவிட்டது. நான் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கையைத் தட்டினேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்து, பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. அதனால், காதை இவ்வளவு அடைப்பது வேண்டாம், திருப்பிக் கொடுத்து வேறொன்று எடுப்போம் என்று நான் சொல்லவில்லை.

சில கிழமைகள் நிம்மதியாகப் போயின. காதைச் சுற்றி மூடும் பெரிய கிண்ணம் என்பதால் ஓதும்போது அவள் குரல் குடத்துக்குள் முழங்கவும் இல்லை. மெல்பர்ன் தாய்கூட மெசின் சத்தம் வருவதே இல்லை என்று மெச்சினார். எனக்குத்தான் அது மேலும் எரிச்சலாக இருந்தது. நாங்கள் ஓடித் திரிந்து காதை மூடிக்கொண்டோம். அவர்களோ எதுவும் நடக்காதது போல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வெக்கைக்கு ஜன்னலைத் திறந்து வைத்து மகள் வகுப்பு எடுப்பாள். ஜன்னலுக்கு நேர் எதிரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கை சமைக்கும் குசினியின் வாசல் குந்து.

அன்றைக்கு மெசின் நிற்கவே இல்லை. நான் மதிலருகே போனேன். தங்கை குந்தில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஒரு மணித்தியாலம் அத நிப்பாட்டச் சொல்லுகா. புள்ள வகுப்பெடுக்கிறாள்.”

அவள் நிமிரவில்லை. “அவர் என்ன விளையாட்டுக்கா அறுக்கிறார்? பொண்டாட்டி புள்ளைக்கு உழைக்கிறார். உங்குட ஊட்டுல உழைக்க ஆம்புள இல்லாட்டி நாங்க என்ன செய்யிற?”

“உழைக்கிறவர் ரோட்டுல கடை எடுத்து உழைக்கட்டும். என்ட சுவருல வெச்சா உழைக்கிற? இந்தச் சத்தத்தாலதானே பாலமுனையாக்கள் வந்த வழியே போனாங்க!”

பாலமுனையாட்கள் என்றால் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள். வீடு பார்க்க வந்த அன்று மெசின் ஓடியது. அதன் பிறகு அவர்கள் வரவில்லை. மகளிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

தங்கை மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து சிரித்தாள். “சத்தத்தாலயா? ஊரெல்லாம் இதத்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்களா ராத்தா? அவங்க போனது புள்ளட வயசக் கேட்டு. முப்பது முடிஞ்ச குமர ஆரு எடுக்கிற? என்ட மருமகன்ட மிசினுல பழியப் போடாதீங்க.”

“வாயப் பொத்து!”

“நான் பொத்தினா ஊரு பொத்துமா?”

நான் மதிலில் கையை ஊன்றி எட்டிக் கத்தினேன். “என்ட மகள் குமராக் கிடந்தே மவுத்தானாலும் உன்ட மருமகனப் போல ஒருத்தன இந்த ஊட்டுக்குள்ள எடுக்கமாட்டன்!”

“எடுக்கிறத்துக்கு முதல்ல ஒருத்தன் வரணுமே ராத்தா!”

அந்த நேரம் பார்த்து மெசின் நின்றது. வந்த அமைதியில் ஜன்னலுக்குள்ளிருந்து என் மகளின் குரல் கேட்டது. “மாஷா அல்லாஹ், வடிவா ஓதினீங்க. இன்னொருக்கா.” எதுவும் கேளாதவளின் சாந்தமான குரல். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் திரையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். பிறகு புன்னகை சுருங்கியது.

“என்ன, எல்லாரும் போறீங்க? நெட் வெட்டுதா? ஹலோ?”

திரையில் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. தாய்மார் வந்து இணைப்பை அணைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்த மைக் மெசினை எடுத்துப் போட்டுவிட்டு மனிதர்களை மட்டும் அனுப்பியிருக்கிறது. அவள் காதுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

சற்று நேரத்தில் மெல்பர்ன் தாயின் குரல் பதிவு வந்தது. மகள் அதை வெளியே கேட்கும்படியே போட்டாள். “ஆலிமா, கோவிச்சுக்காதீங்க. மிசின் சத்தம் இப்ப வாறல்ல. உங்குட ஊட்டாக்கள்ட சத்தந்தான் வருது. எங்களுக்கு அந்தக் கதையெல்லாம் விளங்கும். புள்ளைகள் என்னட்ட, ஆலிமா மவுத்தாகப் போறாவா, செத்துப்போவாவா எண்டு கேக்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு வகுப்பு வேணாம்.”

மகள் என்னைப் பார்த்தாள். “என்ன கதைச்சீங்க?”

“சாச்சியோட சின்னக் கதை. அவளப் பத்தித் தெரியாதா உனக்கு?”

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். பிள்ளைகள் மீட்டிப் பார்ப்பதற்காக வகுப்புகள் பதிவாகும். அன்றைய பதிவைத் திறந்து, முக்காட்டுக்குள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். நான் அறை வாசலில் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, இப்போது தங்கை, இப்போது நான், இப்போது மறுபடியும் தங்கை என்று நானே கணித்துக்கொண்டிருந்தேன். துல்லியமான சாமான். மூச்சு வாங்கியதுகூடக் கேட்டிருக்கும். ஓரிடத்தில் விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் கேட்டாள். எந்த வசனம் என்று எனக்குத் தெரியும்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“வயசாலதான் போனாங்களா?”

“ஓம்.”

“அத நீங்க சொல்லியிருக்கலாம். சாச்சி சொல்லித்தான் நான் கேக்கணுமா? அதுவும் மெல்பர்னே கேட்ட பொறகு?”

தங்கையை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. மருமகனின் மெசின் என்றைக்காவது எரிந்துபோனால் நன்றிக்கு இரண்டு ரக்அத் தொழுவேன். ஆனால் அவள் பின்னுக்குத் தள்ளிக் கேட்ட வசனம் தங்கையுடையது இல்லை. அவள் குமராகவே செத்தாலும் என்று என் வாயிலிருந்து வந்தது அது. இப்போதும் சோறு அள்ளும்போது அது என் காதில் வந்து நிற்கிறது, கை அப்படியே நின்றுவிடுகிறது.

சில பெற்றோர் திரும்பவே இல்லை. மெல்பர்ன் தாய் நோன்பு முடிந்த பிறகு மனம் இரங்கினார். வகுப்பு நடக்கட்டும், ஆனால் இனி ஒரு தரம் அப்படிக் கேட்டால் அதோடு முடிந்தது என்றார். வேறு ஹெட்போன் பார்ப்போமா என்று மகளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். ஜன்னலைச் சாத்து என்றேன். வெந்து சாகவா என்றாள்.

இப்போது அவள் அதே ஹெட்போனைத்தான் போடுகிறாள், ஒரு காதில் மட்டும். மற்ற மெத்தையைக் காதுக்குப் பின்னால் தள்ளி, அதன் மேல் முக்காட்டை விடுகிறாள். அந்தக் காது வழியாக மெசின் முழுதாக உள்ளே வருகிறது. பிள்ளை ஓதுவதைக் கேட்கக் கண்ணை இடுக்கிக்கொண்டு திரைக்கருகே குனிகிறாள். வகுப்பு முடிந்ததும் நெற்றியை அமுக்கிக்கொண்டு படுத்துவிடுகிறாள். இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை ஏன் இப்படிப் போடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

நேற்று மெசின் தொடங்கியதும் கதிரையைச் சத்தத்தோடு தள்ளிவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். தங்கை அந்தப் பக்கம் நிற்பது மதிலுக்கு மேலால் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் மகளின் கை உயர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஓதிக் காட்டுவதை நிறுத்தவும் இல்லை. உள்ளங்கையை மட்டும் என் பக்கம் விரித்துப் பிடித்திருந்தாள், நான் திரும்பி உள்ளே போய் உட்காரும் வரைக்கும்.