காதில் பால்கோவா வாசனையோடு எண்ணூர் வரை

சென்ற பங்குனியில் ஒரு சனிக்கிழமை ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ரயிலில் போய்த் திரும்பினேன். ஊர் பார்க்கும் ஆசையால் அல்ல, ஒரு வேலைக்காக. வண்ணாரப்பேட்டையில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வாசனைக் கலவை செய்ய ஆள் தேடினார். நான் ரசாயனத்தில் பட்டம் பெற்றவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆனியில் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

நான் செய்து கொண்டுபோனது பால்கோவா வாசனை. சந்தன எண்ணெயில் வானிலின், கூமரின் என்ற இரண்டு வாசனைத் தூள்கள், ஒரு சொட்டு ஏலக்காய் எண்ணெய். வானிலின் பாலேட்டின் இனிப்பைத் தரும். அடிப்பிடிக்கும் முன் இறக்கிய பாலின் மணத்துக்குக் கூமரின். எங்கள் வீட்டில் பால்கோவா கிண்டியது கிடையாது. மிட்டாய்க் கடை வாசலில் நின்று நின்று மனப்பாடம் செய்ததுதான்.

பாய் முகர்ந்து பார்த்தார். "கடைக்குள்ள மோந்தா எல்லாமே ஜோராத்தான் கீதும்மா. வெளிய மீனு கீது, கரி கீது, கிருஷ்ணாயில் கீது. அத்தனையும் தாண்டி நிக்குதான்னு எண்ணூர் வரிக்கும் போய்ப் பாத்துட்டு வா."

அத்தர் போடுகிறவர்கள் செய்வது போலப் பஞ்சைத் தோய்த்துக் காது மடிப்பில் செருகிக்கொள்ள வேண்டும். கடைக்குத் திரும்பும் வரை எடுக்கக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

துணைக்கு அத்தை வந்தாள். ராயபுரத்தில் 2.10க்கு வண்டி. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு நான்கு அணா, ஒன்பது மைல். நிலையத்திலேயே கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே பால்கோவா காணாமல் போனது. வண்டி நகர்ந்ததும் திரும்பியது. கொருக்குப்பேட்டையில் கரிப்புகை. தண்டையார்பேட்டையில் எண்ணெய்த் தொட்டிகளின் வாடை நீண்ட நேரம் தொடர்ந்தது. எண்ணூரில் 2.55க்கு இறங்கினோம். கழிமுகம் பத்து நிமிட நடை. உப்புக் காற்றில் வாசனை இன்னும் தெளிவாக இருந்தது. இதையெல்லாம் குறித்துக்கொண்டேன். வேலை கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

திரும்பும் வண்டி 4.50க்கு. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் இருபது பேர் எங்கள் பெட்டியில் ஏறினார்கள்.

"யார்டி பால்கோவா வெச்சிகினு கீறது?" என்றாள் ஒருத்தி. நாகம்மா என்று அவளை மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அத்தையின் மடியில் சோறு கொண்டுவந்த தூக்குப்பாத்திரம் இருந்தது, என் மடியில் குறிப்பெழுதிய நோட்டு.

"தொறந்து காட்டு ஆயா. ஆளுக்கு ஒரு விள்ளல் குட்தா கொறஞ்சா பூடுவ?"

"இன்னாத்த காட்றது? காலி பாத்திரம்!" என்று அத்தை மூடியைத் திறந்தாள்.

"அப்போ அதுக்குள்ள துன்ட்டீங்களா? பட்ச்ச பொண்ணுகூடவா ஒளிச்சி துன்னும்?"

சிரித்தார்கள். ஆனால் விளையாட்டுக்கு மட்டும் சிரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பசித்தவர் முன்னால் தின்பண்டத்தை ஒளிப்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பாயின் நிபந்தனை எனக்கு நினைவிருந்தது. இருபது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சை எடுத்து நாகம்மாவிடம் நீட்டினேன்.

"அய்ய, காதுல பால்கோவா! இன்னாமே இது, வாய்ல போட முடியாதத ஊரெல்லாம் தூக்கிகினு சுத்தற?"

பஞ்சு கைக்குக் கை போனது. சிலர் கழுத்தில் தடவிக்கொண்டார்கள். "வேணான்டி. மத்தியானம் குட்ச்ச கஞ்சி எப்பவோ கரைஞ்சி பூட்ச்சி. இத மோந்தா வயிறு இன்னும் கபகபன்னுது" என்று ஒருத்தி புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். தண்டையார்பேட்டை வந்தபோது பஞ்சு யார் கையில் இருந்தது என்று எவருக்கும் தெரியவில்லை.

ஆறு மணிக்குக் கடையை அடைந்தோம்.

"பஞ்சு எங்கம்மா?"

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளி மனிதர் ஒருவரிடம் அவ்வளவு நீளமாக அதற்குமுன் பேசியதில்லை. பாய் அத்தையிடம் என் காதை முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

"அப்டியே கீது பாய்," என்றாள் அத்தை.

அவர் தாடியை நீவினார். "வாசன நின்னுச்சி. ஆனா பசியோட கீறவங்க போட்டா பேஜாரு. கல்யாணத்துல, பந்தி முடிஞ்சப்புறம் தெளிக்கலாம். சீசா மேல அத நீயே எழுதி ஒட்டிடு."

வேலை எனக்கு என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று வழியில் அத்தை விளக்கினாள். சித்திரையில் சேர்ந்தேன். அப்பா கல்யாணப் பேச்சைத் தைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்.

பாய் சொன்ன யோசனை சரி என்றே படுகிறது. பசி இல்லாதவர்களுக்குத்தான் இனிப்பு வாசனை அலங்காரம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம்.

எண்ணூர் போக விரும்புவோர் 2.10 வண்டியில் போகலாம், கூட்டமிராது. குடிநீரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கழிமுகத்தில் நிழல் இல்லை. இனிப்பு வாசனை எதுவும் பூசிக்கொண்டு மாலை வண்டியில் திரும்ப வேண்டாம். பூசித்தான் ஆக வேண்டுமென்றால், பாத்திரத்தில் ஒரு வீசை நிஜப் பால்கோவா இருக்கட்டும்.