தம் போட்ட நேரத்தில் கேட்ட கேள்வி

சமர்கந்தில் நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் தங்கும் விடுதியில், புதிதாக வருகிறவர்களுக்கு ஹிக்மத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அவன் வகுப்பில் முதல் மாணவன் அல்ல. முதல் ஆண்டில் தேறுவானா என்பதே சந்தேகமாக இருந்தது.

சூஸ்த் ஊரிலிருந்து வந்த முதல் வாரத்தில் அவனுடைய மரியாதையே கேலிக்கு ஆளானது. நாமங்கான் பக்கத்து ஆட்கள் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக்கூட ‘நீங்க’ என்பார்கள். ஹிக்மத் அறைத்தோழர்களையும் அப்படித்தான் அழைத்தான்.

“நீ என்னை ‘நீங்க’ன்னு கூப்பிடுறப்பல்லாம், பின்னால எங்கப்பா வந்து நிக்கிறாரோன்னு திரும்பிப் பாக்குறேன்டா” என்பான் ரஜப். கோரெஸ்ம்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

“பழகிடுச்சுங்க. என்ன பண்றது?”

இன்னொருவன் போரிபாய். சுர்கான்தார்யா மலைப்பக்கத்தில் ஆடு வளர்க்கும் குடும்பம். அவன் வாய் திறப்பது பெரும்பாலும் சாப்பிடத்தான்.

அந்த மரியாதை வகுப்பிலும் கூடவே வந்தது. கணக்கு நடத்தும் நசீபா டீச்சர் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் “புரிஞ்சுதா?” என்று கேட்பார். மொத்த வகுப்பும் நெஞ்சில் கைவைத்துத் தலையசைக்கும். புரியவில்லை என்றால், நீங்கள் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று ஆசிரியரின் முகத்துக்கு நேரே சொன்னது போலாகிவிடும். வீடுகளில் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். வியாழக்கிழமை பிற்பகலில் சந்தேகம் கேட்க வரலாம் என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒருவரும் போகவில்லை. போனால் மதிப்பெண்ணுக்காகக் காக்கா பிடிக்கிறான் என்பார்கள்.

நவம்பர் கணக்குத் தேர்வில் ஹிக்மத்துக்கு ஐந்துக்கு ‘இரண்டு’ விழுந்தது. அதாவது தோல்வி. டிசம்பர் கடைசியில் மறுதேர்வு. அதிலும் தவறி, ஜனவரியில் தரும் கடைசி வாய்ப்பிலும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவன் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் அவன் ஒருவன்தான். அப்பா நாமங்கானுக்கு வேன் ஓட்டுகிறவர், ஏறுகிற பயணிகளிடமெல்லாம் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“படிப்பு எப்படிங்க போகுது?” என்று அவர் போனில் கேட்டார்.

“நல்லா போகுதுங்கப்பா.”

சொல்லிவிட்டுத் தாழ்வாரத்திலிருந்து அறைக்குத் திரும்பினான். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். பாடம் முழுவதையும் அழகான கையெழுத்தில் திரும்ப எழுதி மனப்பாடம் செய்தான். பள்ளிக்கூடத்தில் அது போதுமானதாக இருந்தது. இங்கே கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினாலே கை நின்றுவிட்டது.

விடுதிப் பையன்கள் சனிக்கிழமைதோறும் ‘காப்’ நடத்துவார்கள். ஊரில் பெரியவர்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடி விருந்துண்பதைப் போலத்தான், இங்கே அறைக்கு அறை. விருந்து வைப்பவன் அன்றைக்கு எதிலும் குறை காட்டக் கூடாது. ஹிக்மத்தின் முறை வந்தது. கறியை வதக்கி, மஞ்சள் கேரட்டை நீளவாக்கில் அரிந்து போட்டு, அரிசியைப் பரப்பி, பிலாவுக்குத் தம் போட்டான். அதற்குமேல் அரைமணி நேரம் யாரும் மூடியைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் கால்பந்தும் கல்யாணப் பேச்சும்தான் ஓடும்.

“ஒரு விஷயம் கேக்கணுங்க” என்றான் ஹிக்மத்.

“பொண்ணு பாத்துட்டாங்களா?” என்றான் ரஜப்.

“இல்லைங்க. கணக்குல வர்ற வகைக்கெழுன்னா என்னன்னு எனக்குப் புரியல. செப்டம்பர் ரெண்டாவது வாரத்துலேர்ந்தே எதுவும் புரியலைங்க. யாராவது சொல்லிக் குடுங்க.”

விருந்து வைப்பவன், கறி போடாத பிலாவைப் பரிமாறியது போல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

நவம்பர் தேர்வில் ‘நான்கு’ வாங்கியிருந்த ரஜப்தான் முதலில் சுதாரித்தான். “இவ்வளவுதானா? இங்க பாரு. அடுக்கை முன்னால கொண்டா, அடுக்குல ஒண்ணைக் குறை. முடிஞ்சுது.”

“ஏன் குறைக்கணுங்க?”

“ஏன்னா… டீச்சர் குறைச்சாங்கல்ல?”

“அவங்க ஏன் குறைச்சாங்க?”

ரஜப் ஒரு காகிதத்தை இழுத்து ஒரு கணக்கைத் தானே போட்டுப் பார்த்தான். மூலையிலிருந்து போரிபாய், “அவனுக்கும் தெரியாதுடா” என்றான்.

“ஓ, உனக்குத் தெரியுமாக்கும்?”

“எனக்கு எட்டாம் வகுப்புலேர்ந்தே எதுவும் தெரியாது. நான் என்னிக்காவது தெரியும்னு சொன்னேனா?”

சிரிப்பு அடங்கியபோது தம் போட்ட நேரம் தாண்டி, அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சாப்பிட்டபடியே ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் காப் வைப்பவன், தம் போட்டதும் தனக்குப் புரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே பதில் கிடைக்காத கேள்வி வியாழக்கிழமை டீச்சரிடம் போகும்.

கொண்டுபோகும் வேலை ஹிக்மத்தின் தலையில் விழுந்தது. டீச்சர் அறையின் கதவருகே தயங்கியவனை ரஜப் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினான். நசீபா டீச்சர் தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, வழி தவறி வந்துட்டியா?”

“டீச்சர், நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. எனக்குத்தான் புரியல.”

“எங்கேர்ந்து?”

“ரெண்டாவது வாரத்துலேர்ந்துங்க.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “ஒவ்வொரு தடவையும் கேட்டேனேப்பா. அத்தனை பேரும் நெஞ்சுல கைவெச்சீங்க. நானும் நம்பி வேகவேகமா மேல போயிட்டேன்.”

தங்கள் பணிவு அவரையும் ஏமாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் ஹிக்மத்துக்கு உறைத்தது. டீச்சர் கரும்பலகையில் ஒரு வாய்க்காலை வரைந்தார். மதகைத் திறந்ததும் தண்ணீர் ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று சொல்லிவிடலாம். இதோ, இந்தக் கணத்தில் எந்த வேகத்தில் ஏறுகிறது? ஊரில் பருத்தி வயலுக்குத் தண்ணீர் கட்டிப் பழகியவன் அந்தக் கேள்வியை உடனே பிடித்துக்கொண்டான். அடுக்கில் ஒன்று ஏன் குறைகிறது என்பதற்கு வர இன்னும் ஒரு வியாழக்கிழமை ஆனது.

அடுத்தடுத்த வாரங்களில் போரிபாயும் கூடவே வந்தான். வகுப்பில் டீச்சர் “புரிஞ்சுதா?” என்றபோது ஹிக்மத் எழுந்து, “கடைசி வரி புரியலைங்க” என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அவனைத் தொடர்ந்து இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன.

இதைச் செய்ய அபார மூளை வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கேட்க வேண்டியவரிடம் நேரத்தோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஒன்றைச் செய்யாமலே முதல் ஆண்டைத் தொலைக்கிறார்கள். ஹிக்மத் செய்தான், அதுவும் கூச்சத்தில் காது சிவக்கச் சிவக்க.

மறுதேர்வில் ‘மூன்று’ வாங்கித் தேறினான்.

“வெறும் மூணுக்கா இவ்வளவு சிரிப்பு?” என்றான் ரஜப்.

“இந்த மூணு எனக்குப் புரிஞ்ச மூணுங்க.”

நவம்பரைப் போலவே மறுதேர்விலும் போரிபாய் தவறியிருந்தான். ஜனவரித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அவன் இனித் திரும்புவதில்லை என்பது போலப் பையில் துணிகளையும் புத்தகங்களையும் அடைக்கத் தொடங்கினான். புத்தாண்டு விடுமுறைக்கு விடுதி காலியாகிக்கொண்டிருந்தது. ஹிக்மத்துக்கும் ஊருக்குப் போக டிக்கெட் இருந்தது. அவன் தாழ்வாரத்துக்குப் போய் அப்பாவை அழைத்தான்.

“அப்பா, நவம்பர்ல நான் தோத்துட்டேங்க. உங்ககிட்ட மறைச்சுட்டேன். இப்ப பாஸ் பண்ணிட்டேன். இங்க ஒருத்தருக்கு இன்னும் ஒரு தேர்வு இருக்கு. அவரோட உக்காந்து படிக்கணும். லீவுக்கு வரலைங்க.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த வேனின் எஞ்சின் சத்தம் நின்றது. வண்டியை ஓரங்கட்டியிருக்க வேண்டும்.

“சரிங்க” என்றார் அப்பா. “இனிமே விழுந்தா, விழுந்த அன்னிக்கே சொல்லுங்க.”

ஹிக்மத் அறைக்குத் திரும்பி, போரிபாயின் பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை வெளியே எடுத்தான்.