அம்மாவின் சுருதியில் ஒரு லீட்

சித்தி பையன் பைக்கில் வந்தான், தோளில் ஒரு லேப்டாப் பையோடு. நான் கரமனையிலிருந்து ஆட்டோவில், மடியில் மானிட்டரும் காலுக்கடியில் சி.பி.யூ.வுமாக வந்து இறங்கினேன். தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "நான் பிடிக்கறேன் அண்ணா" என்று ஓடி வந்தான். அவன் உதவிக்கு வந்ததுதான் ரொம்பவும் எரிச்சலாக இருந்தது.

பழவங்காடியில் பாத்திரக்கடை ஒன்றின் மாடியில் ஒரு ராக் பேண்ட் பழகிக்கொண்டிருந்தது. கடைக்காரரின் மகன்தான் கிட்டார். கீபோர்டு வாசித்தவன் வேலை கிடைத்து பெங்களூருக்குப் போய்விட்டான். ஓண வாரத்தில் ஒரு காலேஜில் புரோகிராம் இருந்தது. அதற்கு ஆள் எடுக்க, மாடி ஏறிய அன்றைக்கு நாங்கள் இருவரும் வாசித்துக் காட்ட வேண்டும், ஒருவனுக்குத்தான் இடம். அந்த இடத்துக்காக வருஷக்கணக்கில் கேபிள் சுற்றி, ஸ்பீக்கர் தூக்கிக் காத்திருந்தவன் நான். அவன் அந்த மாடிக்கு வர ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அம்மா வீட்டில் பாட்டு சொல்லிக் கொடுப்பாள். அவன் வலியசாலையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். நான் பத்து தடவை பாடிப் பிடிப்பதை அவன் இரண்டாவது தடவையில் பிடிப்பான். "அவனைப் பாரு" என்பாள் அம்மா. பார்த்துப் பார்த்தே என் வயிறு எரிந்து போயிற்று. பிறகு கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, லேப்டாப், நல்ல சவுண்ட் கார்டு எல்லாம் அவனுக்கு வந்தன. என் கம்ப்யூட்டரோடு இணைத்த கீபோர்டில் கட்டையை அழுத்தினால், அது சற்று யோசித்துவிட்டுத்தான் சத்தம் போடும்.

பழைய ராக் பாட்டுக்குக் கீபோர்டில் இரண்டு சமாசாரம் வேண்டும். ஒன்று பேட், பாட்டுக்கு அடியில் ஜமுக்காளம் மாதிரி விரிந்து கிடக்கும் நீண்ட ஓசை. மற்றது லீட், கிட்டாரோடு சரிக்குச் சரி நின்று பாடும் ஓசை. ஒரு காலத்தில் இதற்காகப் பீரோ அளவுக்கு சிந்தசைசர் வைத்திருந்தார்கள். எங்கள் நாளில் அவையெல்லாம் சாப்ட்வேராகக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டன. பத்திரிகையோடு வந்த சி.டி.க்களிலிருந்து கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்று வீடே அதிரும்படி ஒலித்தது, ஆனால் பேஸ் கிட்டாரை விழுங்கிவிடும். இன்னொன்று தனியாகக் கேட்டால் தேன், டிரம்ஸ் அடித்தால் காணாமல் போய்விடும். கடைசியில் பேடுக்கு மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஒரு ஸ்ட்ரிங்ஸ் கிடைத்தது. லீடுக்கு எதுவும் ஒத்துவராமல், இரண்டு ஓசைகளை மயிரிழை விலக்கிச் சேர்த்து நானே ஒன்று செய்தேன். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அது வழுக்கிக்கொண்டு போகும். கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ எதை எடுத்தாய் என்று அவனைக் கேட்டேன். "லிஸ்டில முதல்ல இருந்ததையே எடுத்துண்டேன் அண்ணா, அது போறுமாக்கும்" என்றான். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரே ஒரு தொந்தரவு. நான் உழைத்துக்கொண்டிருந்த அறைக்கு அடுத்த அறையில்தான் அம்மாவின் பாட்டு வகுப்பு. அவளுடைய எலெக்ட்ரானிக் தம்புராவும் என் சிந்தசைசரும் ஒன்றோடொன்று உரசும்.

"என்னடா அது, என் சுருதியோட முட்டிண்டே இருக்கு? கொழந்தைகள் எப்படிப் பாடும்?" என்பாள்.

அதனால் சாப்ட்வேரில் சுருதியை ஏற்றி இறக்கும் திருகை, உரசல் நிற்கும்வரை கொஞ்சம் ஏற்றி வைத்தேன். இரண்டும் இழைந்தன. பிறகு எந்த சாப்ட்வேரைப் போட்டாலும் முதல் வேலை அதுதான். தினமும் அதையே கேட்டுக் கேட்டு, ஏற்றி வைத்தது என்பதே மறந்து போயிற்று.

பழவங்காடி மாடியில் என் லீடை எடுத்தேன். முதல் வரியிலேயே கிட்டார் முகம் சுளித்தான். எனக்கும் நாராசமாகத்தான் இருந்தது.

"கிட்டார் இறங்கியிருக்கு" என்றேன்.

அவன் சுருதி பார்க்கும் ட்யூனரை எடுத்துக் காட்டி, மலையாளத்தில் சொன்னான். "அளியா, இது கரெக்ட் ஆணு."

"பேஸும் இறங்கியிருக்கு."

யாரோ சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தின் நடுவில் நான் நின்றேன்.

சித்தி பையன்தான் என் காதருகில் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னான். "அண்ணா, அது பெரியம்மாவோட சுருதி." சொல்லிவிட்டு மௌஸைப் பிடித்து அந்தத் திருகைப் பூஜ்யத்தில் வைத்தான். ஒருவருக்கும் தெரியாமல் என்னைக் காப்பாற்றினானாம். கேட்காமல் செய்த அந்த உபகாரத்தை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுபடி வாசித்தேன். என் காதுக்கு எல்லாமே இறங்கிக் கேட்டது. ஸ்வரத்தை மேலே தள்ளும் சக்கரத்துக்குக் கை தானாகப் போயிற்று. இரண்டாவது வரியில் நானே நிறுத்திவிட்டேன். பிறகு அவன் வாசித்தான், இடம் அவனுக்குப் போனது. "ஆனா அளியன்டெ லீட் சவுண்டு கொள்ளாம், அது இவனுக்குக் கொடுக்கு" என்றான் கிட்டார். நன்றாக இருக்கிறதாம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவன் "தேங்க்ஸ் அண்ணா" என்றான், மனசாரத்தான்.

காலேஜ் மைதானத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். அந்த லீட் எழுந்தபோது மைதானமே விசிலடித்தது. வழுக்கவேண்டிய இடத்தில் வழுக்கி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. நான் வாசித்தால்கூட அப்படி வந்திராது. பக்கத்தில் நின்ற ஒருவன் நண்பனிடம், "ஆ சவுண்டு கேட்டோ" என்றான், அந்த ஓசையைக் கேட்டாயா என்று. என்னுடையது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பாட்டு முடியுமுன்பே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அம்மா தம்புராவைப் போட்டுத் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"எப்படிடா வாசிச்சான்?"

"நன்னா வாசிச்சான். தம்புராவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. இன்னிக்குக் காலம்பற நீ ஆபீஸ் போனப்பறம் அவன் வந்தான். ஏதோ மெஷின் வச்சுப் பாத்து, கொஞ்சம் ஏறியிருக்கு பெரியம்மான்னு சரி பண்ணிக் குடுத்தான். இத்தனை வருஷமா மேல் ஷட்ஜத்துக்குத் தொண்டையை இழுத்துண்டிருந்தேன். இப்போ எத்தனை சுகமா இருக்கு தெரியுமோ? பக்கத்து ரூம்லதானே இருக்கே, அது ஏறியிருந்தது ஒனக்குக் கேக்கவேயில்லையா?"

அவள் கண்ணை மூடி மேல் ஷட்ஜத்தைத் தொட்டாள். அவ்வளவு அலட்சியமாக அவள் அதைத் தொட்டு நான் கேட்டதே இல்லை. எனக்கு மட்டும் அது இறங்கிக் கேட்டது.