விருத்தாசலம் பிரதோஷமும் வழியில் நின்ற காரும்

2008 ஆவணியில் ஒரு பிரதோஷத்தன்று திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் போனோம். பழமலைநாதரைக் கும்பிட மட்டுமல்ல, காரை விற்கவும்தான். பழைய காராக வாங்கி ஒன்பது மாதம். நான்கு மாதமாக ஓடும்போதே நின்றுவிடுகிறது. பீங்கான் கம்பெனிக்காரர் ஒருவர் நாற்பதாயிரத்துக்குக் கேட்டிருந்தார். கார் போய்விட்டால் என் அக்காவுக்குக் கோயிலும் இல்லை. முட்டிவலியோடு பஸ் படி ஏற அவளால் முடியாது.

பகல் 1.10க்குக் கிளம்பினோம். பெண்ணாடம் தாண்டி ஒரு முறை நின்று, ஆறியபின் கிளம்பியது.

"வித்துட்டா நிம்மதியா பஸ்ஸுல திரும்பலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் திரும்புவீங்க. நானு?" என்றாள் பின்சீட்டிலிருந்த அக்கா.

31 கிலோமீட்டரில், விருத்தாசலம் எல்லையில் பீங்கான் குழாய்கள் அடுக்கியிருந்த இடத்தில், 2.25க்கு ஒரேயடியாக நின்றது. நல்லவேளை, எதிரிலேயே மெக்கானிக் கடை. அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"உள்ள ஒரு தண்டு சுத்துதுங்க. அது எந்த நெலையில இருக்குதுன்னு இந்த கேம்ஷாஃப்ட் சென்சாருதான் சொல்லணும். சேதியே வரல." ஒயர் சொருகியைக் கழற்றி முகர்ந்தார். "மஞ்சத்தண்ணி வாசம்! யாரு சார் இஞ்சினுக்கு அபிஷேகம் பண்றது?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் பானட்டைத் திறந்து இஞ்சினுக்குப் பொட்டு வைத்து மஞ்சள் நீர் தெளிப்பது என் வழக்கம். வண்டி நிற்க ஆரம்பித்ததும் கண் திருஷ்டி என்று ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன்.

"நான்தாங்க" என்றேன்.

"சென்சாரு நல்லாத்தான் இருக்குதும்மா. சொருவுற எடத்துலதான் ஈரம் பட்டுப் பச்சக் களிம்பு பூத்துருக்குது." சுரண்டித் துடைத்து, ஸ்பிரே அடித்துக் காயவைத்துச் சொருக முப்பத்தைந்து நிமிடம். கூலி 120 ரூபாய். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சூடேறட்டும் என்று இருபது நிமிடம் ஓடவிட்டார். நிற்கவில்லை.

வீட்டுக்காரர் செல்போனை எடுத்தார். "சார், வண்டி குடுக்கறதா இல்ல... வெல பத்தாமலாம் இல்ல சார். வூட்டுல அபிஷேகத்த நிறுத்திட்டாங்க."

4.20க்குக் கோயிலில் இருந்தோம். நந்திக்குப் பால் ஊற்றியபோது அக்கா என் இடுப்பில் இடித்தாள்: "நல்லா பாத்துக்கடி. ஊத்தற எடம் இது."

போகிறவர்களுக்கு: பிரதோஷத்தன்று நான்கு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. வண்டி நின்றுபோனால் விற்கும் முன் சொருகிகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைப் பொட்டை நான் விடவில்லை. பானட்டுக்கு மேலே வைக்கிறேன், மூடியைத் திறப்பதில்லை. அதற்குப் பிறகு பதினொரு பிரதோஷம் போய்விட்டோம், மூன்று பேருமாக.