பதினோரு ஜாடி

சலவைக்கடைக்காரர் தம் மகளுக்கு ஆறாயிரம் கடன்பட்டிருந்தார். பள்ளியில் அவளுக்குக் கிடைத்த பரிசுப் பணம் அது. கொதிகலனில் ஓட்டை விழுந்தபோது வாங்கிச் செலவழித்துவிட்டார். ஒரே ஒரு தொட்டியில் தொடங்கி ஐந்து வாஷிங் மெஷின் ஓட்டுகிறவர். அவர் வெளுத்த வெள்ளைக்கு முன்னால் பாலே அழுக்கு. எவனுக்கும் காலணா பாக்கி வைத்ததில்லை என்று தெருவுக்கே சொல்வார். மகள் கணக்கை மட்டும் வாய் தவறியும் சொல்லமாட்டார்.

பதினாறு வயது மகளே ஒரு வழி சொன்னாள். "பணம் வேண்டாம்ப்பா. கழிவுத்தண்ணி போற குழாயில என் வடிகட்டியை மாட்டிக்கறேன். தொண்ணூறு நாள் கழட்டக் கூடாது. அதோட கடன் தீர்ந்தது."

"இவ்வளவுதானா? மாட்டிக்கோ, மாட்டிக்கோ!"

துணி துவைக்கும்போது உதிரும் பிளாஸ்டிக் நூல் கண்ணுக்குத் தெரியாமல் கடல் வரைக்கும் போகிறதாம். அதை அந்த வடிகட்டி பிடித்துவைக்கும். தினமும் மாலை பள்ளி விட்டு வந்து, பிடிபட்டதை உலர்த்தி, எடை போட்டு, தேதி எழுதிய ஜாடியில் அடைப்பாள். இஸ்திரி மேசைக்கு மேலே தொண்ணூறு ஜாடிகள் வரிசை கட்டி நின்றன.

பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. சுற்றுச்சூழலைக் காக்க வழி கண்டுபிடிக்கும் இளையவர்களுக்குப் பல நாடுகள் சேர்ந்து கொடுக்கும் விருது. ஆயிரத்துச் சொச்சம் பேரில் கடைசிச் சுற்றுக்குத் தேறிய பன்னிரண்டு பேருக்குள் அவள் இருந்தாள். நடுவர் ஒருவர் நேரில் வந்து, தமக்குத் தோன்றிய ஜாடிகளைத் திறந்து பார்ப்பாராம்.

தெருவே வந்து சலவைக்கடைக்காரர் கையைக் குலுக்கியது. அவரோ மேசைக்கு மேலிருந்த ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறில் பதினோரு நாள் அவர் வடிகட்டியைக் கழற்றியிருந்தார். ஆஸ்பத்திரிப் போர்வைகள் வந்து குவியும் நாட்களில் அது அடைத்துக்கொண்டு, தண்ணீர் திரும்பிக் கணுக்கால்வரை நின்றது. வேலை முடிந்ததும் திரும்ப மாட்டி, உலர்த்தும் மெஷினில் சேர்ந்த பஞ்சை நனைத்து உள்ளே திணித்துவைத்தார். பஞ்சு பஞ்சுதானே! அதிலும் தம் மகளின் கருவி என்ன சோடையா என்று, தாராளமாகவே திணித்தார்.

இதெல்லாம் இஸ்திரி போடும் அம்மாளுக்கு மட்டும் தெரியும். "அண்ணே, பாப்பாகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அவ பேரு போயிடும்மா."

"சொல்லலேன்னா?"

அவர் மெஷின் பக்கம் நடந்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. அந்த வாரம் முழுக்க வாசலில் வண்டி நின்றாலே இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். இரண்டு சட்டைகளைக் கருக்கினார். முப்பது வருஷத்தில் ஒரு காலரைக்கூடக் கருக்காத மனிதர்!

நடுவர் பத்து மணிக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெல்லப் பேசும் பெண்மணி. மகள் தான் வரைந்த படத்தை விரித்தாள். எடைக் கோடு தரையோடு ஊர்ந்து, பதினோரு இடத்தில் மட்டும் கோபுரமாய் எழுந்து நின்றது. நடுவரின் விரல் நேராக ஒரு கோபுரத்தில் போய் உட்கார்ந்தது. அந்தத் தேதி ஜாடியை எடுத்து மூடியைத் திருகினார்.

"இந்த நாள்ல மட்டும் ஏம்மா இவ்வளவு?"

சலவைக்கடைக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிப் போர்வைங்க..." என்று மகள் முகம் மலர வாயெடுத்தாள். அவள் சொல்லி முடித்தால், பொய் அவளுடையதாகிவிடும்.

"மேடம், அது நான் போட்டது!"

சத்தம் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. தண்ணீர் திரும்பியது, கழற்றியது, பஞ்சைத் திணித்தது எல்லாவற்றையும் கொட்டினார். பதினோரு ஜாடிகளையும் தாமே இறக்கித் தனியாக வைத்தார். மகள் அவரைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"அடைக்கும்னு உனக்குத் தெரியுமா?" என்று நடுவர் மகளைக் கேட்டார்.

"இப்பத்தான் தெரியும், மேடம்."

நடுவர் பதினோரு கோபுரங்களையும் கோடு போட்டு அடித்தார். குழாயைக் குனிந்து பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விருது வேறொரு நாட்டுப் பையனுக்கு. அடைப்பைச் சரிசெய்துவிட்டு அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று கீழே ஒரு வரி இருந்தது. மகள் இரண்டு தடவை படித்து, மடித்துவைத்தாள்.

"அப்பா, முதல் தடவை கழட்டின அன்னிக்கே நம்ம பேச்சு முறிஞ்சுபோச்சு. கடன் தீரல. ஆறாயிரம் எடுங்க. வடிகட்டி அடைக்காம இருக்க அகலமான வலை வாங்கணும்."

"எல்லாமேவா?"

அவள் கையை நீட்டினாள்.

அவர் கல்லாவைத் திறந்தார். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தார்.