போகாத கம்பி

இதை எழுத உட்கார்ந்து, விபூதியைப் பூசிக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்து போனதிலேயே எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. நேற்று மருமகள் கிரைண்டரையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட, சுவரில் சுவிட்ச் 'டக்'கென்று விழுந்து கரண்ட் நின்றது. பேத்தி ஒரு விரலால் தூக்கிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் இல்லாத கருகல் வாசனை மூக்கிலேயே நின்றது.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் நின்றேன். கரண்ட் மிஞ்சினால் உருகி அறுந்துவிடுகிற பீஸ் கம்பியின் வியாபாரம் குற்றால மலையைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். சாரல் விழுந்தால் அருவிக்குக் கூட்டம், வந்தவர்கள் தங்கிய வீட்டில் கரண்ட் அடுப்பைச் சொருகுவார்கள், பீஸ் போகும், மறுநாள் கடைக்கு ஆள் வரும். காசி விசுவநாதர் சன்னதியில் நின்று, 'நாலு வீடு இருட்டாகட்டும் சாமி' என்று வேண்டியவன் நான். சிரித்துக்கொள்ளுங்கள்.

பிச்சம்மாள் அக்கா குற்றாலத்தில் தன் ஓட்டு வீட்டைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறவள். புருஷன் இல்லை. வருடச் சாப்பாடே அந்தச் சீசனில்தான்.

"என்னத்தலே கம்பி விக்கே? தலமுடி கணக்கா இருக்கு. மதுரைக்காரவ காப்பி போட்டாப் போவுது. இருட்டுல என்னைய ஏசுதாவ. போகாத கம்பியாத் தா."

"போறதுக்குத்தான்க்கா அந்தக் கம்பியே. அது போனாத்தான் வீடு..."

"ஏலே, நீ என்ன வாத்தியாரா? கேட்டதக் கொடுலே!" உள்ளேயிருந்து முதலாளி.

மீதிச் சொல்லை விழுங்கிவிட்டுத் தடித்த கம்பியை வெட்டிக் கொடுத்தேன்.

அந்தச் சாரல் முழுக்க அவள் வீட்டில் பீஸ் போகவில்லை. மடி நிறைய மங்குஸ்தான் கொண்டுவந்து கொட்டினாள். வெட்கமில்லாமல் தின்றேன். அவள் சொல்லிச் சொல்லியே ஊரெல்லாம் தடித்த கம்பி கேட்டு வந்தது. முதலாளி மெல்லிசுக் கம்பி வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

மறு வருடம் ஆடியில் அந்த வீடு எரிந்தது. உத்தரத்தை ஒட்டிப் போன வயர் சூடேறிப் பற்றியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை, அவன் கருணை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா கரிக்குள்ளிருந்து, அந்தக் கம்பி மாட்டியிருந்த பீங்கான் பீஸ் கட்டையை எடுத்து, முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"பாத்தியா தம்பி, வீடே போச்சு. ஒன் கம்பி மட்டும் போகல. நல்ல சரக்குய்யா."

அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது பீஸ் கம்பி என்றால் கடைப் பையன்கள் முழிக்கிறார்கள். எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். யாரிடமாவது இதைச் சொன்னால், 'பாவம், அவருக்குத் தெரியாது' என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்த்துவிடாதீர்கள்.

எனக்குத் தெரியும்.