சனிக்கிழமைக் கறிரொட்டி

ஞானரத்தினத்துக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது என்பதுதான் சங்கடம். உயிரோடு இருக்கிறவள் என்றால் கிணற்றடியில் வைத்து நாலு கேள்வி கேட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். கல்லறையில் படுத்திருப்பவளிடம் என்ன சண்டை போடுவது?

நான் கிருபாபாய், அடுத்த வீட்டுக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஞானரத்தினத்தைப் பற்றி ஓரவஞ்சனை இல்லாமல் எழுதத்தான் பார்க்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை. இதில் எனக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அவள் வ. புதுப்பட்டிக்காரி. 1936இல் ஈஸ்டர் கழிந்து, மிஷன் பங்களாவில் சமையல் பட்லராக இருந்த எலியேசருக்கு இரண்டாம் தாரமாக வந்தாள். வயது இருபத்தைந்து. முழங்கால் வரைக்கும் முடி. என் தலையில் இருப்பது எலிவால். அதனாலோ என்னவோ, வந்த முதல் வாரம் அவள் வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைக் கொண்டுவந்து தந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏசம்மாளோட கறிரொட்டி தின்ன நாக்கு, பாத்துக்க” என்றேன்.

ஏசம்மாள், எலியேசரின் மூத்த தாரம். கறிரொட்டி என்பது பங்களாவில் துரைமார் தின்கிற பண்டம். கறியைப் பொடியாகக் கொத்தி, ரொட்டித் தூளும் முட்டையும் சேர்த்துப் பிசைந்து, நீளமான தகரத்தில் அமுக்கி, கீழும் மேலும் கனல் போட்டு வேகவைப்பது. ஆறியதும் ரொட்டி மாதிரியே துண்டு போடலாம். சனிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். வாசம் மட்டும் தெருவுக்கு வந்துவிடும். அப்புறம் ஏசம்மாள் வாழையிலையில் துண்டுகளை வைத்துக்கொண்டு வீடு வீடாக வருவாள். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த கையோடு பறிகொடுத்தவள். வெளுத்துப்போய், சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அப்படியும் “நான் செஞ்சது” என்று சொல்லித் தரும்போது முகத்தில் ஒரு களை வரும்.

இதையெல்லாம் ஞானரத்தினத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். தெருவும் தன் பங்குக்குச் சொன்னது. எலியேசர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாத மனுஷர். எதை வைத்தாலும் தலை குனிந்தபடி சாப்பிடுவார், கை கழுவுவார், பங்களாவுக்குப் போய்விடுவார். ஞானரத்தினம் அயிரைமீன் குழம்பு வைத்துப் பார்த்தாள். நாட்டுக்கோழி அடித்துப் பார்த்தாள். அவர் தட்டை விட்டு நிமிரவில்லை.

“அவிய நாக்குல அவதான் உக்காந்திருக்கா, டீச்சரக்கா. ஒரேயொரு வார்த்த நல்லாருக்குன்னு சொன்னா போதும் எனக்கு. அதுக்குக் கூட அவ வழி விட மாட்டேங்கா” என்றாள்.

அவள் வீட்டுப் பரணில் அந்தத் தகரம் கிடந்தது. பங்களாவிலிருந்து வந்த பழைய பிஸ்கட் டப்பா, அடி கரிந்து போனது. வீட்டிலிருந்த ஏசம்மாளின் பாத்திரம் எல்லாவற்றையும் ஞானரத்தினம் புளி போட்டுத் தேய்த்துத் தனதாக்கிக்கொண்டாள். அதை மட்டும் தொடவில்லை. பரண் பக்கம் போனால் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டு வருஷம் அப்படியே பொருமினாள். பிறகு, அந்தக் கறிரொட்டியைத் தானே செய்துவிடுவது என்று தீர்மானித்தாள். புருஷனிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் கேட்பாளா? மூத்தவளைப் பற்றி அவரிடமே கேட்பதற்குச் செத்துப்போகலாம் என்றாள். என்னிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி, ராஜபாளையம் தாண்டி தேவதானத்துக்குப் போனாள். அங்கே ஏசம்மாளின் அக்கா இருந்தாள். போனவள் சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் இன்னும் கறுத்திருந்தது.

“கல்யாணத்துக்கு முந்தி அவளுக்குக் கஞ்சி காய்ச்சக்கூட தெரியாதாம். பட்லர் வீட்டுக்கு வந்துதான் படிச்சிருப்பான்னு அவ அக்கா சொல்லுதாவ. அப்படின்னா இவியதான பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருக்காவ? எனக்கு இந்தா உப்பு இம்புட்டுப் போடுன்னு ஒருநா சொன்னது கிடையாது.”

எரிகிற தீயில் எண்ணெய் வார்க்காமல் ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன். என் வாழ்க்கையில் அபூர்வமான விஷயம் அது.

முதல் தடவை கறியை அம்மியில் வைத்து அரைத்தாள். துவையலாகிவிட்டது. இரண்டாவது தடவை இட்லிச் சட்டியில் அவித்தாள். நீர் கோத்துக்கொண்டது. மூன்றாவது கருகிப்போய் நாய்க்குப் போனது. எல்லாம் எலியேசர் பங்களாவில் இருக்கும் நேரத்தில்தான். ஒவ்வொன்றிலும் ஒரு விள்ளல் என் வாயில் போட்டு என் முகத்தையே பார்ப்பாள். ஏசம்மாளுடையதைத் தின்றவள் என்கிற தகுதியில் நான்தான் நீதிபதி. அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

நாலாவது தடவை அவள் பரணில் ஏறித் தகரத்தை எடுத்தாள். தேய்க்காமல், முந்தானையால் தூசியை மட்டும் துடைத்தாள். கறியை இரண்டு கத்தியால் பலகையில் கொத்தினாள். பங்களாவில் மிஞ்சி வந்த ரொட்டியை நொறுக்கிப் போட்டாள். சின்ன வெங்காயம், மிளகு, இரண்டு முட்டை. மேலே சிரட்டைக் கனல். திறந்தபோது அதே வாசம். ஏசம்மாள் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்கும் சனிக்கிழமைதான். எலியேசர் மத்தியானம் பங்களா வேலை முடிந்து வந்தார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

அவள் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். அவர் தகரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வாய் தின்றார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சாப்பாட்டின் நடுவில் தலை நிமிர்ந்தார்.

“ரொட்டியப் பால்ல ஊறப்போடலையா?” என்றார். “அதான் கொஞ்சம் இறுகிப்போச்சு.”

“அவ ஊறப்போடுவாளோ?” என்றாள் ஞானரத்தினம்.

“எவ?”

“அதான், உங்க ஏசம்மா. இத ஊருக்கெல்லாம் செஞ்சு குடுத்த மகராசி.”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “அவ எங்க செஞ்சா? அவளுக்கு அடுப்புப் பக்கம் நிக்கவே ஏலாது. ரெண்டாவது பிள்ள போன பொறவு சோறு எறங்கல. இதுதான் எறங்குச்சு. நாந்தான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கதவச் சாத்திட்டுச் செஞ்சு குடுப்பேன்.”

“பொறவு ஏன் அவ செஞ்சதுன்னு…” என்று நான் குறுக்கிட்டேன்.

“பொண்டாட்டிக்கு ஆக்கிப்போடுதவன்னு தெருவுல சிரிப்பாவல்ல, டீச்சர். பங்களாவுல அகப்ப பிடிச்சா உத்தியோகம். வீட்டுல பிடிச்சா கேவலம். நான் செஞ்சதுன்னு சொல்லிக்கிடுதேன்னு அவதான் சொன்னா.”

ஞானரத்தினம் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான். இத்தனை நாளும் ஒரு கைப்பக்குவக்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளுக்கு, இப்போது ஒரு புருஷன் உட்கார்ந்து ஊட்டிய பெண்டாட்டி கண்முன்னே வந்துவிட்டாள். முந்தியது எறும்புக்கடி, இது தேள்.

“போன ஐப்பசியில எனக்குப் பதினோரு நாள் காய்ச்சல்” என்றாள் மெதுவாக. “டீச்சரக்கா வீட்டுலேருந்துதான் கஞ்சி வந்துச்சு. நீங்க ஒரு தம்ளர் வெந்நீர் வச்சுத் தந்தியளா?”

எலியேசருக்கு முகம் சிறுத்துப்போயிற்று. “கேட்டேனே. ஒண்ணுமில்ல, நீங்க வேலைக்குப் போங்கன்னுதான சொன்ன?”

“சொன்னேன்.”

“அவன்னா முடியலன்னு சொல்லுவா.”

ஞானரத்தினம் எழுந்தாள். தகரத்தில் மிச்சமிருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள். காலித் தகரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“வார சனிக்கிழமை எனக்கு முடியாது” என்றாள். “இப்பமே சொல்லிட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை எலியேசர் கறியோடு வந்தார். பழைய வழக்கப்படி கதவைச் சாத்தினார். பாயில் படுத்திருந்த ஞானரத்தினம் எழுந்து வந்து இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள். எலியேசர் வேட்டியை மடித்துக் கட்டிக் கனல் விசிறுவதைத் தெருவே பார்த்தது. சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவர் காது சிவந்ததே தவிர விசிறியைக் கீழே வைக்கவில்லை.

பொழுது சாய்கிற வேளையில் அவள் வாழையிலையோடு என் வாசலுக்கு வந்தாள். முடியை அள்ளி முடிந்து பூ வைத்திருந்தாள். முடியாதவளின் லட்சணம் ஒன்றும் இல்லை.

“இந்தாங்க டீச்சரக்கா” என்றாள், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. “எங்க வீட்டுல அவிய செஞ்சது. எனக்காவ.”

உள்ளே என் வீட்டுக்காரர் காப்பி கேட்டுக் குரல் கொடுத்தார். அந்தத் துண்டு வெண்ணெய் மாதிரி இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.